பதில்: காக்னிடிவ் ரிசர்வ் – தமிழில் என்ன வைக்கலாம்?

> 'அறிதிறன் சேமிப்பு' என்றே வைத்துவிடலாம். இளமையில் படித்தது மூளையில் சேர்ந்து கிடக்கிறது, முதுமையில் எடுத்துச் செலவழிக்கிறோம். கேட்டதும் புரியும்.

வணக்கம் அண்ணா,

நம் மறதிநோய்க் கையேட்டில் வரும் 'காக்னிடிவ் ரிசர்வ்', அதாவது மூளை சேதமானாலும் சமாளித்து வேலை செய்யும் திறன், அதற்கு நீங்கள் சொன்ன 'சேமிப்பு' கேட்டதும் புரியும், சரிதான். தப்பாகப் புரிந்துவிடுமே என்பதுதான் என் கவலை. சேமிப்பு என்றால் போட்டவருக்கு உண்டு, போடாதவருக்கு இல்லை. நம் கையேடு போகப்போவது டர்பனைச் சுற்றி இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், தோங்காட் பக்கத்து வீடுகளுக்கு. அங்கே எண்பதைத் தாண்டிய ஆயாக்களில் பலர் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள். இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போதாமல், ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு கூட்டம், மதியம் 'பிளட்டூன்' கூட்டம் என்று நடத்திய காலம் அது. அவர்கள் கையில் "உங்களுக்குச் சேமிப்பு இல்லை" என்று அச்சடித்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கருத்தும் அதுவல்ல. 1988இல் நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் குழு முதியோர் இல்லங்களில் இருந்து இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தது. சிலருடைய மூளையில் அல்சைமர் என்ற மறதிநோய்க்கே உரிய படிவுகள் நிறைய இருந்தன. ஆனால் உயிரோடிருந்தபோது அவர்கள் நினைவு தவறவில்லை. அந்த மூளைகளின் எடையும் கூடுதல், பெரிய நரம்பணுக்களும் அதிகம். இதை 'மூளை இருப்பு' எனலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. 1994இல் ஆய்வாளர் யாக்கோவ் ஸ்டெர்ன் குழு நியூயார்க்கில் கண்டது வேறு: குறைவாகப் படித்தவர்களுக்கும், தாழ்ந்த நிலை வேலை பார்த்தவர்களுக்கும் மறதிநோய் வரும் வாய்ப்பு அதிகம். இங்கே பேச்சு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றியல்ல. சேதமான மூளை மிச்சமிருப்பதை வைத்து எப்படிச் சமாளிக்கிறது என்பதைப் பற்றி. அதனால் என் பரிந்துரை 'அறிவு ஈடுதிறன்'. வேகப்பந்துக்கு ஈடுகொடுத்து ஆடினான் என்கிறோமே, அந்த ஈடு.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். அதிகம் படித்தவருக்கு நோய் தாமதமாகவே வெளியே தெரிகிறது, ஆனால் தெரிந்த பிறகு அவர் சரிவது வேகமாக இருக்கிறது. 'சேமிப்பு' என்று எழுதினால், நிறையச் சேமித்தவர் ஏன் சீக்கிரம் விழுகிறார் என்று படிப்பவர் குழம்புவார். 'ஈடுதிறன்' என்றால் விளக்கம் சொல்லிலேயே கிடைக்கிறது: உள்ளே சேதம் நடந்துகொண்டேதான் இருந்தது, ஈடுகொடுக்க முடியாமல் போனதும் சேர்ந்திருந்த அத்தனையும் தெரிய வருகிறது.

அப்புறம், அல்சைமரைப் 'பரம்பரை நோய்' என்று வரைவில் சொல்லியிருப்பதை அவசியம் மாற்ற வேண்டும். 19ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிஓஇ மரபணுவின் எப்சிலான் 4 வகை ஒரு பெற்றோரிடமிருந்து வந்தால் அபாயம் ஏறக்குறைய 3 மடங்கு, இருவரிடமிருந்தும் வந்தால் அதைவிடவும் மிக அதிகம். அது இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இதன் பாதிப்பு குறைவாகவே காணப்படுகிறது. எனவே 'மரபணு இடர்' போதும். தாய்க்கு வந்துவிட்டதே, எனக்கும் வந்தே தீருமோ என்று பயப்படும் மகளுக்கு இந்த ஒரு சொல் எவ்வளவு முக்கியம்! படிப்பு அந்த மரபணுவை மாற்றாது. இடர் உள்ளவருக்கும் அறிகுறி தலைகாட்டும் காலத்தை அது தள்ளிப்போடக்கூடும்.

இன்னொன்று. என் ஆயாவுக்கு நினைவுச் சோதனை வைத்தபோது 100இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார்கள், ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னார்கள். பென்சில் பிடித்துப் பழகாத கை தாளின் மேல் அப்படியே நின்றது. மதிப்பெண் குறைவு. அதே ஆயா தீமிதித் திருவிழாச் சமையலுக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எத்தனை கிலோ உருளைக்கிழங்கு என்று தாளில்லாமல் சொல்வார். செய்த வேலை, பழகிய மனிதர்கள், கற்றுக்கொண்டே இருந்த பழக்கம் எல்லாமே ஈடுதிறனில் சேரும் என்று கையேட்டில் தெளிவாக எழுத வேண்டும். சோதனைக்குப் போகும்போது, எதுவரை படித்தார், எந்த மொழி பேசுவார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றும் ஒரு வரி சேர்க்கலாம்.

டர்பனிலிருந்து

*

அக்கா, வணக்கம். 'மரபணு இடர்' எனக்குச் சம்மதம். ஆனால் 'ஈடு' என்றதும் அடகுதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் நகையை ஈடு வைத்தல் என்றுதான் சொல்வார்கள். 'தாங்குதிறன்' ஆகாதா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

*

தம்பி, தாங்குவது சுமையை அப்படியே பொறுப்பது. இங்கே மூளை சும்மா பொறுத்துக்கொண்டிருக்கவில்லை, வேறு வழியில் வேலையை முடிக்கிறது. அதோடு 'தாங்குதிறனை' 'ரெசிலியன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வைத்துக்கொள்வோம், அந்தச் சொல்லும் இதே ஆய்வுகளில் தனியாக வருகிறது. அடகு நினைவுக்கு வரும் என்பது நியாயமான தடை. அதனால் முதல் இடத்தில் 'மூளைச் சேதத்துக்கு ஈடுகொடுக்கும் திறன்' என்று முழுதாக எழுதி, அதன் பிறகு 'ஈடுதிறன்' என்று சுருக்குவோம். கோயிலில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும்போதும் குழப்பம் இருக்காது. அண்ணா, உங்களுக்குச் சம்மதமென்றால் 'ஈடுதிறன்', 'மரபணு இடர்' இரண்டு சொற்களையும் வரைவில் மாற்றி அனுப்புகிறேன்.