வரம்பு அட்டவணையோடு பொருத்தினால் சில பதிவுகள் காணவில்லை, சில இரட்டிப்பாகின்றன

டர்பன்_கணக்கு

வணக்கம். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் கிளைகளின் சம்பளக் கோப்புகளை ஒன்றாக்கி, ஒவ்வொருவரின் ஆண்டு வருமானத்துக்கும் தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையான சார்ஸின் வரி அடுக்கைச் சேர்க்க வேண்டும். சார்ஸ் வெளியிட்டபடியே ‘முதல்’, ‘வரை’ என்று இரண்டு நெடுவரிசை வைத்திருக்கிறேன்: 1 – 237 100, 237 101 – 370 500, 370 501 – 512 800, இப்படி. பைத்தான் மொழியின் பாண்டாஸ் நூலகத்தில் இரண்டு அட்டவணைகளையும் குறுக்காக (ஒவ்வொரு பதிவையும் எல்லா அடுக்கோடும்) இணைத்து, வருமானம் இரண்டு எல்லைக்கும் நடுவில் உள்ள பதிவுகளை மட்டும் எடுக்கிறேன்.

சில பேர் காணாமல் போகிறார்கள். 2024, 2025 இரண்டு வரியாண்டுகளின் அட்டவணையையும் சேர்த்ததும் எல்லோரும் இரண்டு முறை வருகிறார்கள். எக்ஸெலில் விலுக்அப் (அட்டவணையில் தேடும் ஃபார்முலா) போட்டால் ஒரு கிளையின் கோப்பு முழுக்கப் பிழை. அடுத்து அஞ்சல் குறியீட்டிலிருந்து மாகாணமும், தேதியிலிருந்து வாட் (மதிப்புக் கூட்டு வரி) விகிதமும் இதே வழியில் எடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

அடுக்கு_மனிதர்

காணாமல் போனவர்களின் வருமானத்தைப் பாருங்கள், சதம் இருக்கும். 237 100,50 என்ற தொகை உங்கள் முதல் அடுக்கிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. சார்ஸ் அட்டவணை முழு ராண்டில் அச்சிடப்பட்டது. கண்ணுக்கு இடைவெளி தெரியாது, கணினிக்குத் தெரியும். வருமானம் 0 என்று இருப்பவரும் விழுந்துவிடுவார், ஏனென்றால் அட்டவணை 1-இல் தொடங்குகிறது.

‘வரை’ நெடுவரிசையை எடுத்துவிடுங்கள். கீழ்வரம்பு மட்டும் போதும் (2024, 2025 வரியாண்டுகளுக்கு): 0, 237100, 370500, 512800, 673000, 857900, 1817000. பக்கத்தில் அடிப்படை வரி: 0, 42678, 77362, 121475, 179147, 251258, 644489. விகிதம்: 18, 26, 31, 36, 39, 41, 45. வரி = அடிப்படை + விகிதம் × (வருமானம் − கீழ்வரம்பு). 400 000 ராண்டுக்கு 77 362 + 29 500-இல் 31% = 86 507 வர வேண்டும். இது 65 வயதுக்குக் குறைந்தவருக்கான 17 235 ராண்ட் கழிவுக்கு முந்தைய தொகை.

237100-ஆ 237101-ஆ என்று மண்டையை உடைக்க வேண்டாம். எல்லையில் இரண்டு அடுக்கும் ஒரே தொகையைத்தான் தரும். படிக்கட்டு மாதிரி ஒரேயடியாகத் தாவும் விகிதங்களில்தான் எல்லை எந்தப் பக்கம் என்பது முக்கியம்.

எக்ஸெலில் விலுக்அப்புக்குப் பதிலாக எக்ஸ்லுக்அப் ஃபார்முலாவின் ஐந்தாவது இடத்தில் -1 கொடுங்கள்: சரியான மதிப்பு, இல்லாவிட்டால் அதற்கு அடுத்த சிறியது. இதற்கு அட்டவணை வரிசையில் இருக்க வேண்டியதில்லை. எக்ஸெல் 2019-இல் எக்ஸ்லுக்அப் கிடையாது. அங்கே விலுக்அப் கடைசி இடத்தில் ட்ரூ, அட்டவணை கட்டாயம் ஏறுவரிசையில். குலைந்திருந்தால் பிழை காட்டாமல் தப்பான அடுக்கைத் தரும், அதுதான் ஆபத்து. இன்னொன்று: வெற்றுக் கட்டத்தை விலுக்அப் 0 என்று எடுத்துக்கொள்ளும், சம்பளமே நிரப்பாதவருக்கும் 18% வந்து உட்காரும். வெறுமையை முதலில் பிரித்துவிடுங்கள்.

குறி_பார்ப்பவர்

முழுக் கோப்பும் பிழை என்றால் அது எண்ணே அல்ல, எழுத்து. நம் ஊர் விண்டோஸ் அமைப்பில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளியும் சாதாரணமானதல்ல, குறியீடு 160. இடைவெளி நீக்கும் ட்ரிம் போட்டாலும் போகாது. வேறு அமைப்புள்ள கணினியிலிருந்து வந்த கோப்பில் புள்ளி இருக்கும், இரண்டும் கலந்தால் கேட்கவே வேண்டாம். நம்பர்வேல்யூ ஃபார்முலாவில் தசமக் குறி காற்புள்ளி, ஆயிரக் குறி கேரக்டர் 160 என்று கொடுத்து மாற்றுங்கள். பிறகு எண்தானா என்று பார்க்கும் ஈஸ்நம்பர் போட்டு ஃபால்ஸ் வருவதை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். இந்த அமைப்பில் ஃபார்முலாவின் உள்ளே பிரிப்பதும் அரைப்புள்ளிதான். இணையத்திலிருந்து காற்புள்ளியோடு ஒட்டினால் எக்ஸெல் ஏற்காது.

அஞ்சல் குறியீட்டில் அடுக்கு_மனிதர் சொன்னபடி ‘வரை’யை எடுத்துவிடாதீர்கள். வருமானத்தில் இடைவெளி இருக்கக்கூடாது, இங்கே உண்மையாகவே இருக்கிறது. ஹௌடெங் மாகாணம் ஒரே துண்டாக வராது: பிரிட்டோரியா 0002, ஜோகன்னஸ்பர்க் 2001, நடுவில் பொலொக்வானே 0700-உம் நெல்ஸ்ப்ரைட் 1200-உம் வேறு மாகாணங்கள். ஒரு மாகாணத்துக்கு எத்தனை துண்டோ அத்தனை பதிவுகள் எழுதுங்கள். கீழ்வரம்பில் பொருத்தி, கிடைத்த பதிவின் மேல்வரம்பைத் தாண்டினால் ‘தெரியவில்லை’ என்று போடுங்கள். யூகித்து ஒரு மாகாணத்தில் தள்ளுவதைவிட அது மேல். 0002 எக்ஸெலில் 2 ஆகிவிடும். தேட எண்ணாகவே வைக்கலாம், கடிதத்தில் அச்சிட மட்டும் நான்கு இலக்கமாக்குங்கள்.

டர்பன்_கணக்கு

நன்றி, எக்ஸெல் பக்கம் சரியாகிவிட்டது. பாண்டாஸில் இரட்டிப்பு மட்டும் பாக்கி.

நேட்டால்_நிரலி

2024, 2025 இரண்டு ஆண்டுக்கும் அடுக்குகள் ஒன்றே, மாற்றப்படவில்லை. ஆண்டைச் சொல்லாமல் பொருத்தினால் ஒவ்வொரு வருமானமும் இரண்டிலும் விழத்தான் செய்யும். அட்டவணையில் வரியாண்டு என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். 2025 என்றால் 2024 மார்ச் 1 முதல் 2025 பிப்ரவரி 28 வரை.

குறுக்கு இணைப்பை விடுங்கள், பாண்டாஸின் மெர்ஜ்-அஸாஃப் இதற்கென்றே இருக்கிறது. ‘ஆன்’ வருமானம், ‘பை’ வரியாண்டு. திசை இயல்பாகவே பின்னோக்கி, அதாவது வருமானத்துக்குச் சமமான அல்லது அதற்கு அடுத்த சிறிய கீழ்வரம்பை எடுக்கும். மாட்டும் இடங்கள்: இரண்டு அட்டவணையும் வருமானப்படி மட்டும் வரிசையாக இருக்க வேண்டும். முதலில் ஆண்டு, பிறகு வருமானம் என்று அடுக்கினால் ‘வரிசையில் இல்லை’ என்று நிற்கும். சம்பளத்தில் தசமம், அட்டவணையில் முழு எண் என்றாலும் நிற்கும். இரண்டையும் ஃப்ளோட் (தசம எண்) ஆக்குங்கள். சம்பளம் வெறுமையான பதிவு ஒன்று இருந்தாலும் பிழைதான். இடப்பக்கப் பதிவு எண்ணிக்கை இதில் மாறாது, எனவே இரட்டிப்புக்கு வழியில்லை. எண்களை அடுக்குகளாகப் பிரிக்கும் பிடி-கட் பயன்படுத்தினால் ‘ரைட்’ ஃபால்ஸ் என்று வையுங்கள். இயல்பில் கீழ் எல்லையை விட்டுவிட்டு மேல் எல்லையைச் சேர்க்கும், 0 வெறுமையாகிவிடும்.

வாட்டுக்கும் இதே. 2018 ஏப்ரல் 1 முதல் 15%, அதற்கு முன் 14%; தொடங்கும் தேதி மட்டும் வையுங்கள். 14%-க்கு ‘வரை 31-03-2018’ என்று எழுதினால், அன்று மாலை 16:40 என்று நேரத்தோடு வரும் பதிவு அதற்குள் வராது. கணினிக்கு அந்தத் தேதி நள்ளிரவு 00:00. எந்தத் தேதி நெடுவரிசை என்பதையும் கணக்காளரிடம் கேளுங்கள்: பொது விதிப்படி விலைப்பட்டியலோ பணமோ எது முந்தியதோ அந்த நாள்தான். விலைப்பட்டியல் தேதியை மட்டும் வைத்தால் மார்ச்சில் முன்பணம் வாங்கிய பதிவுகள் தப்பாகும்.

ஓட்டுவதற்கு முன் 0, 237100, 237100.50, 237101, 1817000, 2000000 ஆகிய ஆறையும் ஒரு சிறு கோப்பில் போட்டு விடையைக் கையால் சரிபாருங்கள். கடைசிக்கு 726 839 வர வேண்டும்.