அம்மாச்சி வீடு குழு: பெரியம்மாவின் மூக்கும் 1794-ஆம் ஆண்டுப் படமும்

வியாழன்

கார்த்தி, மாலை 6:40
டாக்டரைப் பார்த்துவிட்டு இப்போதுதான் கிளம்பினோம். பயாப்ஸி முடிவு வந்துவிட்டது. அம்மா மூக்கில் இருந்த அந்த ஆறாத புண் பேசல் செல் கார்சினோமா. புற்றுநோய் வகைதான், ஆனால் மெதுவாக வளர்வது, வேறு இடத்துக்குப் பரவுவது மிக அரிது என்றார். முழுதாக வெட்டி எடுத்துவிட வேண்டும். அடுத்த வியாழன் ஆபரேஷன்.

வசந்தி, மாலை 6:43
முருகா. அக்கா எப்படி இருக்கிறாள்?

கார்த்தி, மாலை 6:47
பேசவே இல்லை சித்தி. நோயைச் சொன்னபோதுகூடத் தைரியமாகத்தான் இருந்தாள். எடுத்த இடத்தை மூட நெற்றித் தோலைத் திருப்பி வைப்பார்களாம். மூன்று வாரம் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் அந்தத் தோல் பாலம் மாதிரி நிற்குமாம். டாக்டர் போனில் ஒரு படம் காட்டினார். அதைப் பார்த்ததிலிருந்து ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருக்கிறாள்.

நித்யா, மாலை 7:15
அண்ணா, இப்போதுதான் வார்டிலிருந்து வந்தேன். அந்தப் படம் முதல் வாரத்தில் எடுத்ததாக இருக்கும். அப்போது பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தையும் சேர்த்துக் காட்டியிருக்க வேண்டும். பெரியம்மா, இரவு உங்களைக் கூப்பிடுகிறேன்.

வசந்தி, இரவு 7:31
அக்கா, இதைப் பார். காலையில் நடைப்பயிற்சிக் குழுவில் வந்தது.
[படம்]
"2600 ஆண்டுகளுக்கு முன்பே சுஸ்ருதர் பிளாஸ்டிக் சர்ஜரி செய்யும் அரிய பழங்கால ஓவியம். அனைவருக்கும் பகிரவும்."

ராமு, இரவு 7:50
வசந்தி, படம் நல்ல படம். ஆனால் பழங்காலத்தது இல்லை. ராபர்ட் தாம் என்ற அமெரிக்க ஓவியர் 1950-களில் பார்க் டேவிஸ் மருந்து நிறுவனத்துக்காக வரைந்தது. மருத்துவ வரலாற்றை 45 எண்ணெய் வண்ண ஓவியங்களாக அவர் வரைந்தார். அவற்றின் பிரதிகள் டாக்டர்களின் காத்திருப்பு அறைகளில் தொங்கின. நிறையப் படித்து, உடை, பாத்திரம் எல்லாம் விசாரித்துத்தான் வரைந்திருக்கிறார். இருந்தாலும் அது அவர் கற்பனையில் கண்ட காட்சி. அதில் நடப்பதும் காது சிகிச்சை, மூக்கு இல்லை.

கார்த்தி, இரவு 7:53
அப்படியென்றால் சுஸ்ருதர் கதையே பொய்யா மாமா?

ராமு, இரவு 7:58
இல்லை இல்லை. சுஸ்ருத சம்ஹிதையில் மூக்கு சிகிச்சை உண்டு. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கிக்கொண்டு, அதே அளவுக்குக் கன்னத்தில் தோலை எடுத்துப் பொருத்தி, மூச்சு விட இரண்டு ஆமணக்குத் தண்டுக் குழல்களை வைக்கச் சொல்கிறது. சொல் இருக்கிறது, அந்தக் காலத்துப் படம்தான் இல்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன்: ஒரு படத்தைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, வரைந்தவன் அதை நேரில் பார்த்தானா என்பது.

அக்காவுக்குக் காட்ட வேண்டிய படம் வேறு ஒன்று இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு அனுப்புகிறேன்.

ராமு, இரவு 8:40
[படம்]
இவர் பெயர் கவாஸ்ஜி. மராட்டிய விவசாயி. 1792-இல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டியவர். திப்புவின் படையிடம் பிடிபட்டார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக மூக்கில்லாமல் வாழ்ந்தார். பிறகு புனேவுக்குப் பக்கத்தில் ஒருவர், அக்காவுக்கு இப்போது செய்யப்போவதைப் போலவே, நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு வைத்தார். அது நடந்து பத்து மாதம் கழித்து, 1794 ஜனவரியில், ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் இவரை எதிரே உட்காரவைத்து வரைந்தார். அந்த ஓவியத்தை வைத்துச் செதுக்கிய அச்சுப்படம் அதே வருடம் அக்டோபரில் லண்டனில் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் ஒரு கடிதத்தோடு வந்தது.

இது நேரில் பார்த்து வரைந்த படம்.

வசந்தி, இரவு 8:44
மூக்கு நன்றாகத்தானே இருக்கிறது! சொல்லாவிட்டால் தெரியாது.

கார்த்தி, இரவு 8:45
மூக்கை எதற்கு மாமா வெட்டினார்கள்? கொல்லாமல் விட்டுவிட்டு?

ராமு, இரவு 8:51
ஊர் முகத்தில் விழிக்க முடியாமல் செய்யத்தான். 'மூக்கறுபட்டான்' என்று நாம் இன்றைக்கும் சொல்கிறோமே, அது வெறும் பேச்சு இல்லை. திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்து கண்டவர் மூக்கையெல்லாம் அறுத்தது. சேதுபதி உதவிக்கு வர, நாயக்கர் படையும் மைசூருக்குள் போய் அதையே செய்தது. மூக்கறு போர் என்றே அதற்குப் பெயர். அறுத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அதனால்தான் ஒட்டத் தெரிந்தவர்களும் இந்த நாட்டில் தேவைப்பட்டார்கள்.

நித்யா, இரவு 9:10
மாமா, அந்தக் கடிதத்தில் எப்படிச் செய்தார்கள் என்று இருக்கிறதா? எங்கள் புத்தகத்தில் 'இந்திய முறை' என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

ராமு, இரவு 9:24
படிப்படியாக இருக்கிறது. முதலில் மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் மிச்சத்தின் மேல் வைத்து நல்ல மூக்கின் வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடு போடுகிறார்கள். கோட்டுக்குள் இருக்கிற தோலை உரித்து எடுக்கிறார்கள். முழுதாக இல்லை. இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு சின்னப் பட்டையை வெட்டாமல் விட்டுவிடுகிறார்கள். பழைய மூக்கின் ஆறிய ஓரத்தைச் சீவிப் பச்சைப் புண்ணாக்கி, அதை ஒட்டி ஒரு கீறல் போட்டு, நெற்றித் தோலை அரைத் திருப்பு திருப்பி இறக்கி, அதன் ஓரத்தை அந்தக் கீறலுக்குள் செருகுகிறார்கள்.

அப்புறம் ஒட்டு. அதுதான் எனக்கு ஆச்சரியம். காசுக்கட்டி! வெற்றிலையோடு அம்மாச்சி போடுவாளே, அதேதான். தண்ணீரில் குழைத்துத் துணிப் பட்டைகளில் தடவி, ஐந்தாறு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவிடுகிறார்கள். நாலு நாள் அப்படியே. பிறகு நெய்யில் தோய்த்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்தே படுக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத்துளைகள் மூடிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய துணியைச் சுருட்டி வைக்கிறார்கள். கண்களுக்கு நடுவில் விட்ட பட்டையை 25-ஆம் நாள் வாக்கில் வெட்டிவிடுகிறார்கள்.

நித்யா, இரவு 9:33
மாமா, எனக்குச் சிலிர்க்கிறது. மெழுகுத் தகட்டுக்குப் பதிலாக நாங்கள் தையல் நூல் வருகிற பாக்கெட்டின் அலுமினியத் தாளை நறுக்கி அளவெடுப்போம். நெற்றியில் வைத்துப் பேனாவால் சுற்றிக் கோடு போடுவோம். அதே வேலை!

பெரியம்மா, நீங்கள் பயந்த அந்தத் தோல் பாலம் இருக்கிறதே, அதுதான் மொத்த விஷயமும். புருவத்தின் உள்முனையை ஒட்டி ஒரு சின்னத் தமனி நெற்றிக்கு ஏறுகிறது. பாலம் அந்தத் தமனியைச் சுமந்துகொண்டு வருகிறது. மூக்குக்கு வந்த தோலுக்கு அதுவரை அங்கே சொந்த இரத்த ஓட்டம் கிடையாது, பாலம் வழியாகத்தான் உயிர். மூன்று வாரத்தில் மூக்கிலிருந்தே புது இரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்துவிடும். அதன் பிறகு பாலம் தேவையில்லை, வெட்டிவிடுவார்கள். அவர்கள் 25-ஆம் நாள், நாங்கள் 21-ஆம் நாள் வாக்கில். நாற்றங்காலிலிருந்து பிடுங்கின நாற்று வயலில் வேர்விடக் காத்திருப்பது மாதிரி.

கோமதி, இரவு 9:52
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் ராமு. நெற்றியில் தழும்பு தெரிகிறதே.

வசந்தி, இரவு 9:52
அக்கா வந்துவிட்டாள்!

ராமு, இரவு 9:56
தெரிகிறது அக்கா. வேல்ஸ் அதை மறைக்கவில்லை. ஓவியன் நினைத்தால் நாலு வண்ணத்தில் மூடியிருக்கலாம். ஆனால் தோல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். நாளாக நாளாகத் தழும்பு அவ்வளவாகத் தெரியாது என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

நித்யா, இரவு 9:59
உங்களுக்கு மூக்கு முழுவதும் இல்லை பெரியம்மா, இடது ஓரத்தில் மட்டும்தான். அதனால் எடுக்கிற தோலும் சின்னது. நெற்றியில் நெடுக்காக ஒரு கோடு இருக்கும். தழும்பே இருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கோமதி, இரவு 10:03
அவனுக்கு வலித்திருக்குமே. மயக்க மருந்தெல்லாம் அப்போது ஏது?

நித்யா, இரவு 10:05
கிடையாது பெரியம்மா. ஈதர் கொடுத்துச் செய்தது 1846-இல்தான் எல்லோருக்கும் தெரிய வந்தது. உங்களுக்கு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். ஒன்றும் தெரியாது.

கோமதி, இரவு 10:06
பாவம், கையும் போய், மூக்கும் போய். சரி, தூங்குங்கள். காலையில் பேசலாம்.

வெள்ளி

கார்த்தி, காலை 7:20
அம்மா காலையில் எழுந்ததும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா, வெள்ளைக்காரர்களுக்கு இது அதுவரை தெரியாதா?

ராமு, காலை 7:45
வேறு வழி தெரியும். இத்தாலியில் பொலோனா நகரத்துப் பேராசிரியர் தாக்லியாகோட்சி 1597-இல் ஒரு புத்தகம் போட்டார். அதில் மரக்கட்டைச் செதுக்குப் படங்கள் இருக்கின்றன. பாருங்கள்.
[படம்]
மேல்கைத் தோலில் ஒரு பகுதியைக் கிளப்பி மூக்கில் பொருத்தி, அது பிடிக்கிற வரைக்கும் கையை முகத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார். அதற்கென்றே தைத்த சட்டை, முக்காடு, வார்கள். இரண்டு மூன்று வாரம் அப்படியே இருக்க வேண்டும்! அவருக்குப் பிறகு அந்த வழி மெல்ல மறக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அவர் எழுதிய ஒன்றை அக்கா படிக்க வேண்டும்: இயற்கை கொடுத்து விதி பறித்ததைத் திரும்பச் செய்கிறோம், கண்ணுக்கு அழகாக இருக்க என்பதைவிட மனம் தளராமல் இருக்க.

கோமதி, காலை 8:02
நல்ல மனிதர்.

ராமு, காலை 8:30
கவாஸ்ஜி படம் போய்ச் சேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் இந்த முறையையே நினைத்துக்கொண்டிருந்தார். பிணங்களில் செய்து செய்து பார்த்தார். கடைசியில் 1814 அக்டோபரில் மூக்கை இழந்த ஒரு ராணுவ அதிகாரிக்குச் செய்தார். பதினைந்து நிமிடத்தில் முடித்தார். 1816-இல் படங்களோடு புத்தகமாகப் போட்டார். அதன் பிறகு ஜெர்மனி, பிரான்ஸ் என்று பரவியது.

எழுத்தை மட்டும் படித்திருந்தால் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்? நெற்றித் தோல் மூக்காகும் என்று சொன்னால் சிரித்திருப்பார்கள். படத்தில் ஒரு மனிதன் முழு முகத்தோடு உட்கார்ந்திருக்கிறான், கூடவே மெழுகுத் தகடு எந்த வடிவம் என்பதும் இருக்கிறது. அதனால்தான் அந்தப் படத்தின் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

நித்யா, காலை 8:41
முதல் உலகப் போரிலும் இப்படி ஓர் ஓவியர் உண்டு மாமா. ஹென்றி டாங்ஸ். முதலில் சர்ஜன், பிறகு ஓவிய ஆசிரியர். முகம் சிதைந்த சிப்பாய்களை ஹரோல்ட் கில்லிஸ் சரிசெய்தபோது, முன்னும் பின்னும் இவர் வண்ணக்கட்டியால் வரைந்தார். எங்கள் வகுப்பில் காட்டினார்கள். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் வராத தோலின் நிறம் அதில் இருந்தது.

ராமு, காலை 8:44
தெரியும் அம்மா. அவற்றை ஒரு தடவை பார்த்தால் மறக்க முடியாது.

கோமதி, காலை 10:15
ராமு, ஒன்று கேட்கிறேன். மூக்கு போனவன் பெயர் தெரிகிறது. வரைந்தவன் பெயர் தெரிகிறது. மூக்கு வைத்தவன் பெயர் என்ன?

ராமு, காலை 10:32
அக்கா, அதைத்தான் யாரும் எழுதவில்லை. பம்பாய்ப் பக்கத்து இரண்டு ஆங்கில டாக்டர்கள் இந்தச் சிகிச்சையைக் கண்ணால் பார்த்தார்கள் என்று பெயரோடு இருக்கிறது. கடிதம் எழுதியவர் 'பி.எல்.' என்று இரண்டு எழுத்தாவது போட்டிருக்கிறார். செய்தவருக்கு 'செங்கல் செய்கிற சாதிக்காரர்' என்று மட்டும்தான். குயவர் என்று பலர் சொல்கிறார்கள். ஆதிகாலத்திலிருந்து நடக்கிற வழக்கம், பெரும்பாலும் நன்றாகவே முடிகிறது என்றும் அதே கடிதம் சொல்கிறது. அப்படியானால் இவருக்கு முன்னால் எத்தனை கைகள்? அப்பனிடமிருந்து மகனுக்கு என்று வந்த வேலையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உலகம் முழுவதும் இன்றைக்கும் சர்ஜன்கள் செய்கிற ஒரு வேலையைக் காட்டிக்கொடுத்தவருக்குப் பெயர் இல்லை. ஒவ்வொரு தடவையும் இந்தப் படத்தைப் பார்க்கும்போது அவரைத்தான் தேடுகிறேன். படத்தில் அவர் இல்லை. அவர் செய்த மூக்கு இருக்கிறது.

வசந்தி, காலை 10:40
மண்ணைப் பிசைகிற கை அண்ணா. உருவம் பிடிபட்டிருக்கும்.

கோமதி, காலை 10:58
வியாழக்கிழமை சாமி கும்பிடும்போது அவனையும் நினைத்துக்கொள்கிறேன்.

நித்யா, ஆவணியில் உன் கல்யாணத்துக்குள் எனக்கு ஆறிவிடுமா? வலது பக்கம் இருக்கிற அம்மாவின் வைர மூக்குத்தியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். திரும்பப் போடலாமா?

நித்யா, காலை 11:20
பெரியம்மா, பாலத்தை எடுத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். வீக்கம் கொஞ்சம் இருக்கலாம், தழும்பு சிவப்பாக இருக்கலாம். அதோடு வந்து நில்லுங்கள். நீங்கள் இல்லாமல் நான் மேடை ஏற மாட்டேன். மூக்குத்தி வலது பக்கம் என்பதால் தடை இருக்காது என்றுதான் நினைக்கிறேன், எப்போது போடலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடலாம். துளை தூர்ந்துவிட்டால் நானே தட்டானைக் கூட்டிவருகிறேன்.

கோமதி, காலை 11:31
சரி.
ராமு, ஆபரேஷனுக்கு முன்னால் என்னை ஒரு படம் வரை. பத்து மாதம் கழித்து இன்னொன்று. தழும்பை மறைக்காதே.

ராமு, காலை 11:33
வரைகிறேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை வரவா?

கோமதி, காலை 11:36
வா. மூக்குத்தியைப் புதன்கிழமைதான் கழற்றுவேன். திண்ணையில் பத்து மணி வரைதான் வெளிச்சம் நன்றாக விழும், அதற்குள் வந்துவிடு.