சம்பளம் வந்ததும் சேமிப்புக்குத் தனியாகப் பிரிப்பது எப்படி?

வணக்கம் அண்ணன்மார், அக்காமாரே. ஒரு யோசனை வேண்டும்.

நான் சிங்கப்பூரில் எஸ் பாஸில் (வெளிநாட்டவருக்கான ஒரு வேலை அனுமதி) இருக்கிறேன். சிபிஎஃப் என்கிற கட்டாயச் சேமிப்பு சிங்கப்பூரர்களுக்கும் பிஆர்களுக்கும் (நிரந்தரவாசிகளுக்கும்) மட்டும்தான் என்பதால் என் சம்பளத்தில் சேமிப்பென்று எதுவும் தானாகப் பிடிக்க மாட்டார்கள். அதற்கு 20 சதவீதம் கழிகிறதே என்று கூட்டாளிகள் புலம்பும்போது எனக்குப் பொறாமைதான்!

அமெரிக்காவில் இருக்கும் மச்சான், சம்பளத்தையே இரண்டு கணக்குகளில் பிரித்துப் போட எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் எச்ஆரில் கேட்டால் ஒரே கணக்குதான் என்கிறார்கள். அதனால் வேறு பேங்கில் கணக்குத் திறந்து, மாதம் 300 வெள்ளி தானாகப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போடப் போகிறேன். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டே வாங்க மாட்டேன்.

சிக்கல் தேதியில். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கொடுத்தால் போதும் என்பது சட்டம். எங்களுக்கு 1ஆம் தேதியும் வரும், 6ஆம் தேதியும் வரும். முன்னால் வைத்தால் கணக்கில் பணமிருக்காது. தள்ளி வைத்தால் ஊருக்கு அனுப்பியது போக மிச்சம் தேக்காக் கடைகளில் கரைந்துவிடும். நீங்கள் எந்தத் தேதி வைத்திருக்கிறீர்கள்?

இன்னொன்று. யூஓபி பேங்கின் ‘ஒன்’ கணக்கில் சம்பளம் போட்டால் கூடுதல் வட்டி உண்டு, ஆனால் கார்டில் மாதம் 500 வெள்ளி செலவழிக்க வேண்டும். சேமிக்கப் போய்ச் செலவா? ஓசிபிசி பேங்கின் ‘360’ கணக்கிலும் சம்பளத்துக்குக் கூடுதல் வட்டி இருக்கிறது. அப்படியென்றால் பணத்தை வெளியே மாற்றாமல் அங்கேயே விடுவது லாபமா? கண்ணெதிரே இருந்தால் என் கை சும்மா இருக்காது. பிஓஎஸ்பி பேங்கின் ‘சேவ் ஆஸ் யூ ஏர்ன்’ சேமிப்புக் கணக்கு யாராவது வைத்திருந்தாலும் சொல்லுங்கள்.