முன்வரிசை நாலு பேர் சரி, அவர்களுக்குப் பின்னால் ஆள் இருக்கா?

கொக்குவில் ஸ்டொப்பர்:

அமெரிக்கக் கல்லூரி புட்போல் பார்க்கிறவர்கள் யாரும் இங்கே இருக்கிறீர்களா? அக்காவின் மகன் ஒஹாயோ ஸ்ரேட்டில் படிக்கிறான். அவன் புண்ணியத்தில் செப்டம்பர் வந்தால் எனக்குச் சனி பிடித்துவிடும்: சனிக்கிழமை இரவு 9.30, அங்கே மத்தியானம் 12, லப்டொப்பும் நானும்.

விதிகள் ஓரளவு பிடிபட்டுவிட்டன. பள்ளிக்கூட அணியில் பின்வரிசையில் நின்றவன் என்பதால் என் கண் தடுக்கிறவர்களைத்தான் தேடும். ஆனால் இந்த டிபென்சிவ் லைனை, அதாவது எதிரணியை மறிக்கிற முன்வரிசை நாலு பேரை, எப்படி எடைபோடுவது என்று விளங்கவில்லை. மருமகன் சாக் (பந்தை எறிகிற குவாட்டர்பக்கை எறிய முன்னமே மடக்குவது) எண்ணிக்கையைக் காட்டி வாதாடுகிறான். 2024 சீசனில் சாம்பியனான அவனுடைய அணியின் சோயர், துயிமொலோவாவ், ரைலீக் வில்லியம்ஸ், ரை ஹமில்ற்றன் நாலு பேரும், தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ஆள் எடுக்கிற 2025 டிராஃப்டில் போய்விட்டார்கள். அப்படி ஒரேயடியாக வெறிச்சோடிய இடத்துக்கு வரப்போகிறவன் எப்படிப்பட்டவன் என்பதை, சீசன் தொடங்க முன்னம் எதை வைத்துச் சொல்வது?

குருநகர் கடற்காற்று:

கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்கள், அதுக்குப் பெயர் புட்போலா? யாழ்ப்பாணம் துரையப்பா அரங்குப் பக்கம் வாரும் தம்பி, உண்மையான பந்தடி பார்க்கலாம்.

திருநெல்வேலிப் பென்சன்காரர்:

குருநகராருக்குப் பிறகு பதில் சொல்கிறேன். தம்பி, நான் மிச்சிகனில் கனகாலம் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்தவன். ஒஹாயோ ஸ்ரேட்டுக்கு மிச்சிகன் பரம எதிரணி, ஆகவே உம்முடைய மருமகனுக்கு நான் எதிர்க்கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியும்.

சாக்கை முதலில் தள்ளி வையும். குவாட்டர்பக்கைப் பந்தோடு மடக்குவது எல்லாருடைய கண்ணுக்கும் தெரியும். நீர் நடுவில் நிற்கிற டக்கிள்களைப் பாரும். எதிரணி வரிசையின் நடுவில் நிற்கிற சென்ரரும் கார்டும் சேர்ந்து ஒருவனைத் தள்ளும்போது அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறானா, இரண்டு யார்ட் பின்னால் போகிறானா? அவன் நின்றுபிடித்தால் பின்னால் இரண்டாவது வரிசையில் இருக்கிற லைன்பக்கரைத் தடுக்க ஆளில்லை, அவன் ஓடிவந்து பந்துக்காரனை விழுத்துவான். கணக்கில் லைன்பக்கர் பெயர்தான் ஏறும். இரண்டு பேரைத் தாங்கினவன் பெயர் ஒரு இடத்திலும் வராது.

2021இல் ஜோர்ஜியா கல்லூரி அணிக்கு ஜோர்டன் டேவிஸ் செய்தது இந்த வேலைதான். பெரிய எண்கள் இல்லாமலே 2022 டிராஃப்டில் 13ஆவது ஆளாகப் போனான். அதே வரிசையிலிருந்து ட்ராவன் வோக்கர் முதலாவது, டெவொன்ரே வயற் 28ஆவது. அவர்களோடு மாறிமாறி இறங்கிய ஜேலன் கார்ட்டர் அடுத்த வருஷம் 9ஆவது. அந்த அணி சாம்பியனாகாமல் வேறென்ன செய்யும்?

இனி உம்முடைய கேள்விக்கு வருவோம். இந்த ஆட்டத்தில் வெளியே போனவன் திரும்ப வரலாம், எத்தனை தரமும் மாற்றலாம். 130 கிலோவுக்கு மேற்பட்டவன் ஒவ்வொரு தரமும் தன் அளவான இன்னொருவனோடு மோதினால், நாலு பகுதி ஆட்டத்தின் மூன்றாவது பகுதியான மூன்றாவது குவாட்டரில் கால் இழுபடும். ஆகவே நல்ல கோச் ஏழெட்டுப் பேரைச் சுழற்றுவார். ஐந்தாவது, ஆறாவது ஆள் எப்போது இறங்குகிறான் என்பதைக் கவனியும். 35 புள்ளி முன்னால் நிற்கையில் இறங்குவது கணக்கில்லை. ஆட்டம் இழுபறியாக இருக்கும்போது மூன்றாவது டவுனில் (10 யார்ட் முன்னேறக் கிடைக்கிற நாலு முயற்சியில் மூன்றாவதில்) இறக்குகிறார்களா? அப்படியென்றால் கோச் அவனை நம்புகிறார். உம்முடைய மருமகனின் அணியில் காய்டன் கறி அப்படி சோயருக்கும் துயிமொலோவாவுக்கும் பின்னால் நின்றவன்தான். 2025இல் இடம் கிடைத்ததும் அணியின் சாக் கணக்கில் அவன்தான் முதலாவது.

கிளெம்சன் கல்லூரியின் 2018 முன்வரிசையையும் பாரும். வில்கின்ஸ், ஃபெரல், டெக்ஸ்டர் லோரன்ஸ், பிரையன்ற். சாம்பியனைத் தீர்மானிக்கிற பிளேயோஃப் இரண்டு ஆட்டத்திலும் லோரன்ஸ் இல்லை, தடை. அவன் இடத்தில் அல்பேர்ட் ஹக்கின்ஸ். நோட்டர் டேமை 30-3, அலபாமாவை 44-16 என்று வென்றார்கள். ஹக்கின்ஸ் மாதிரி ஒருவன் உங்கள் பென்ச்சில் இருக்கிறானா என்று மருமகனைக் கேளும்.

இன்னொன்று. கல்லூரிக் கணக்கில் சாக்கில் இழந்த யார்டை, பந்தோடு ஓடி எடுத்த ஓட்டக் கணக்கிலிருந்து கழிப்பார்கள். என்எஃப்எல்லில், பந்தை எறிந்து எடுத்த பாஸ் கணக்கிலிருந்து. "ஓட்டத்தில் 60 யார்ட்தான் கொடுத்தோம்" என்று அவன் துள்ளினால், சாக் யார்டைத் திருப்பிக் கூட்டிப் பாரும்.

ரொறன்ரோ மச்சான்:

அண்ணை சொன்னது சரி. ஆனால் வீரர்கள் கல்லூரி மாறப் பெயர் போடுகிற போர்ட்டலை விட்டுவிட்டார். 2018இலிருந்து அது வந்தபிறகு ஜனவரியில் இருக்கிற பட்டியல் ஆகஸ்டில் இருக்கும் என்று சொல்ல ஏலாது. பென்ச்சில் காத்திருக்கிற நல்ல டக்கிளுக்கு வேறு இடத்தில் முதல் ஆளாக ஆட இடம் காத்திருக்கும். பள்ளிக்கூடத்திலேயே உச்ச மதிப்பீடான ஐந்து நட்சத்திரம் வாங்கின புதுப்பொடியனையும் உடனே நம்பாதீர்கள். ஓரத்தில் ஓடுகிறவன் முதல் வருஷமே மின்னலாம், நடுவில் நிற்கிறவனுக்கு உடம்பு முற்ற வேண்டும்.

கொக்குவில் ஸ்டொப்பர்:

நன்றி அண்ணை, மச்சானுக்கும். ஒரு சந்தேகம். பென்ச்சில் ஆள் இருந்தும் சில நேரம் நாலு பேரும் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே நிற்கிறார்களே, ஏன் மாற்றுவதில்லை?

திருநெல்வேலிப் பென்சன்காரர்:

மாற்ற விடமாட்டார்கள். எதிரணி ஆள் மாற்றினால் தடுக்கிறவர்களுக்கும் மாற்ற நேரம் கொடுக்க வேண்டும், நடுவர் பந்துக்கு மேலேயே நிற்பார். எதிரணி ஆளை மாற்றாமல், வட்டமாகக் கூடிப் பேசுகிற ஹடிலும் போடாமல் உடனே பந்தை எடுத்தால் இவர்கள் மாட்டுப்பட்டார்கள். அந்த நேரத்தில் உள்ளே நிற்கிற நாலு பேர் யார் என்பது பெரிய விஷயம்.

கொக்குவில் ஸ்டொப்பர்:

மருமகனுக்கு அனுப்பினேன். மிச்சிகன்காரர் எழுதினதை வாசிக்கமாட்டானாம்.

திருநெல்வேலிப் பென்சன்காரர்:

வாசிக்க வேண்டாம், பார்க்கச் சொல்லும். 2024 ஜனவரி 1, ரோஸ் போல் அரையிறுதி, மேலதிக நேரம், நாலாவது டவுன், அலபாமாவுக்குத் தேவை 3 யார்ட். மிச்சிகன் 27-20. யூரியூப்பில் கிடக்கிறது. பந்தைப் பார்க்காமல் எங்கள் முன்வரிசையை மட்டும் பார்க்கட்டும். நவம்பர் கடைசியில் ஒஹாயோ ஸ்ரேட்டோடு எங்களுக்கு ஆட்டம், அங்கே மணி மாற்றியிருப்பார்கள், வழமைபோல மத்தியானம் தொடங்கினால் எங்களுக்கு 9.30 இல்லை, இரவு 10.30.