நுரையீரல் கதிர்வீச்சு பிளான்: உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு கேஸ்

எம்யூ கணக்கப்பிள்ளை:

நானே ஆரம்பிக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முந்தைய கேஸ். வலது கீழ் மடலில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி, 48 கிரே (கதிர் டோஸின் அலகு), நாலு சிட்டிங். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் பென்சில் பீம் என்கிற பழைய டோஸ் கணக்குதான். திரையில் 95 சதவீதக் கோடு கட்டியைச் சுற்றி வளையல் மாதிரி உட்கார்ந்திருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். கடைசி நாள் அந்தப் பெரியவர் ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறு மாதம் கழித்து மான்டி கார்லோ (கதிர்த்துகள்களைத் தனித்தனியாகப் பின்தொடர்கிற கணக்கு) வந்தது. பழைய பிளான்களை எம்யூ (மெஷின் விடுகிற கதிர் அளவு) மாற்றாமல் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவருடையதைத் திறந்தேன். விளிம்பில் 41 கிரே.

நம்பவில்லை. கார்க் பலகைகளை அடுக்கி, நடுவில் ஒரு மெழுகு உருண்டையைப் புதைத்து, ஃபிலிம் வைத்து எடுத்தேன். (தெர்மாகோல் போட்டுப் பார்க்க வேண்டாம், அது கிட்டத்தட்ட காற்று.) ஃபிலிம் நடுவில் நன்றாகக் கருத்திருந்தது. உருண்டையின் ஓரத்தில் சட்டென்று நிற்க வேண்டிய கருப்பு, மை ஊறிய பேப்பர் மாதிரி கார்க்குக்குள் கலைந்துபோயிருந்தது. காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நுரையீரலின் அடர்த்தி தண்ணீரில் கால் பங்கு, கதிர் தட்டிவிடுகிற எலக்ட்ரான் மூன்று நாலு மடங்கு தூரம் ஓடிவிடும். பக்கவாட்டில் ஓடுவது பென்சில் பீமுக்குத் தெரியாது. எம்எஸ்சியில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அந்த ஃபிலிமைக் கையில் பிடித்தபோது முருங்கைக்காய்தான் ஞாபகம் வந்தது.

ஸ்கேனில் கட்டி சுருங்கித்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் ஃபாலோ அப்புக்கு வரவில்லை.

செகண்ட் ஷிஃப்ட்:

நான் மெஷினில் நிற்கிற ஆள். உங்கள் அல்காரிதம் எனக்குப் புரியாது, மூச்சு புரியும்.

ஒரு நைட் வாட்ச்மேன். சிமுலேஷன் அன்று, அதாவது பிளானுக்கு ஸ்கேன் எடுக்கிற நாள், வயிற்றின்மேல் மூச்சைக் காட்டுகிற சின்னப் பெட்டியை வைத்து ஃபோர் டி சிடி (மூச்சின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் படம்) எடுத்தோம். திரையில் அலை சீராக, குட்டி குட்டியாக ஓடியது. அருமையான மூச்சு என்று எல்லாருக்கும் சந்தோஷம். கட்டி நாலு மில்லிமீட்டர்தான் நகர்கிறது என்று பிளான் ஆகிவிட்டது.

முதல் நாள் ட்ரீட்மென்ட்டில் மனிதர் படுத்ததும் தூங்கிவிட்டார், ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு நேராக வந்தவர். குறட்டை இன்டர்காமில் கேட்கிறது. வயிறு மலை மாதிரி ஏறி இறங்குகிறது. மெஷினிலேயே கோன் பீம் ஸ்கேன் எடுத்தால் கட்டி மேலும் கீழும் இழுபட்டு, போட்டிருந்த கோட்டுக்கு வெளியே நிழலாகத் தெரிகிறது. பீம் ஆன் பண்ணாமல் ஃபிசிசிஸ்ட்டைக் கூப்பிட்டேன்.

எழுப்பி விசாரித்தபோதுதான் தெரிந்தது. சிமுலேஷன் அன்று யாரோ "ஆடாதீங்க, அசையாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். மூச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, 20 நிமிஷம் அடக்கி அடக்கி விட்டிருக்கிறார். அந்த யாரோ நான்தான். மறுபடி சிடி எடுத்ததில் 14 மில்லிமீட்டர் வந்தது.

கோபால்ட் காலத்து ஆள்:

கணக்கப்பிள்ளை தம்பி, முருங்கைக்காய்க் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் மான்டி கார்லோ இல்லாத சென்டர் எல்லாம் பாவம் செய்கிற மாதிரி எழுதுகிறீர்கள். அமெரிக்காவில் ஆர்டிஓஜி 0236 என்கிற ஆய்வு எப்படி நடந்தது? 60 கிரே, மூன்று சிட்டிங், நுரையீரலைத் தண்ணீர் என்றே வைத்துக்கொண்டு பிளான். அடர்த்தித் திருத்தம் போடக்கூடாது என்பதே விதி. 2010ல் முடிவு வந்தது, மூன்று வருஷம் கழித்தும் 97.6 சதவீதம் கட்டி அடங்கியிருந்தது. அப்புறம் திருத்தம் போட்டுப் பார்த்து, 60 என்று எழுதியது உண்மையில் 54 என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் யாராவது தூக்கம் கெட்டார்களா?

என் கதை சின்னது. ஈயக் கம்பியை மார்பைச் சுற்றி வளைத்து, அதை கிராஃப் பேப்பரில் வைத்து வரைந்து, ஒவ்வொரு சென்டிமீட்டர் நுரையீரலுக்கும் 4 சதவீதம் கூட்டிக் கணக்குப் போட்ட ஆள் நான். ஒரு நாள் கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டேன். சீஃப் பார்த்துப் பிடித்துவிட்டார், பேஷன்ட்டுக்குப் போகவில்லை. அந்தத் தாள் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

இப்போதைய பிள்ளைகளுக்குச் சில விஷயம் சொல்லிவைக்கிறேன். நுரையீரலுக்கு 6 எம்வி சக்தியுள்ள பீம் போதும். 15க்குப் போகாதீர்கள், எலக்ட்ரான் இன்னும் தூரம் ஓடி விளிம்பு மங்கிவிடும். டோஸ் கணக்கின் கிரிட் (கட்ட அளவு) 2 மில்லிமீட்டர் வையுங்கள். சின்னக் கட்டிக்கு 4 வைத்துவிட்டு டிவிஹெச்சை (எவ்வளவு பகுதிக்கு எவ்வளவு டோஸ் என்று காட்டுகிற கோடு) ரசிக்கக் கூடாது. பிடிவிக்குள் (கட்டியும் அதைச் சுற்றி விடுகிற ஓரமும்) இருக்கிற நுரையீரலுக்கு அடர்த்தியை இழுத்து 1 என்று போட்டு கவரேஜ் அழகாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது பேஷன்ட்டுக்கு இல்லை, திரைக்கு வைக்கிற ட்ரீட்மென்ட். மூச்சுக்குழாய் கிளைகளுக்கு 2 சென்டிமீட்டருக்குள் கட்டி இருந்தால் மூன்று சிட்டிங் ஆசையே வேண்டாம், 2006லேயே டிம்மர்மேன் குழு எச்சரித்துவிட்டது. சாதாரண 30 சிட்டிங் கேஸில் வி20ஐ (20 கிரேயாவது வாங்குகிற நுரையீரல் பங்கு) 35 சதவீதத்துக்குக் கீழே பிடியுங்கள். 74 கிரே கொடுத்தால் 60ஐ விட நல்லது என்று ஆர்டிஓஜி 0617 ஆய்வில் முயன்று, உயிர்வாழும் காலமே 28.7 மாதத்திலிருந்து 20.3க்கு இறங்கியது. டோஸ் கூடினால் நல்லது என்கிற புத்தி எங்களுக்கும் இருந்தது. சிடி கர்வை (சிடி எண்ணை அடர்த்தியாக மாற்றுகிற கோடு) வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். கான்ட்ராஸ்ட் போட்ட சிடியில் கணக்குப் போடாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் பிளான் அப்ரூவ் பண்ணாதீர்கள்.

எம்யூ கணக்கப்பிள்ளை:

ஐயா, யாரும் டிப்ஸ் கேட்கவில்லை. நம்பருக்கு வருகிறேன். அவர்களுக்கு 60 என்று எழுதி 54 போனது, பிஇடி (சிட்டிங் அளவையும் சேர்த்துப் பார்க்கிற உயிரியல் டோஸ்) 151. எனக்கு 48 என்று எழுதி 41 போனது. 105க்குப் பதிலாக 83. 100க்குக் கீழே போனால் கட்டி திரும்பி வருகிற வாய்ப்பு கூடும் என்று நாம்தானே கிளாஸ் எடுக்கிறோம். அவர்கள் தாண்டி நின்றார்கள், நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கோபால்ட் காலத்து ஆள்:

48ஐ நாலு சிட்டிங்கில் கொடுத்த ஜப்பான்காரர்கள் அதை எங்கே எழுதினார்கள் என்று பாருங்கள். ஜேசிஓஜி 0403 ஆய்வில் அந்த 48 ஐசோசென்டருக்கு (பீம்கள் சந்திக்கிற நடுப்புள்ளி), விளிம்புக்கு இல்லை. அவர்களுக்கும் ஓரத்தில் குறைவாகத்தான் போயிருக்கும்.

டிஎன்பி இரண்டாம் வருஷம்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எம்ஐபியில் (மூச்சின் எல்லாக் கட்டப் படங்களிலும் வெள்ளையானதை எடுத்து ஒன்றாக்கிய படம்) கட்டியை வரைந்தேன், உதரவிதானத்துக்கு ஒட்டிய கட்டி. எம்ஐபியில் கல்லீரலும் கட்டியும் ஒரே வெள்ளையாகிவிடும் என்று எனக்குத் தெரியாது. கட்டியின் கீழ்ப்பகுதி கல்லீரலுக்குள் காணாமல் போயிருந்தது, நானோ அழகாக வட்டம் போட்டு முடித்துவிட்டேன். மேடம் ஒன்றும் பேசவில்லை. மூச்சின் பத்து ஃபேஸையும் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். ஏழாவதில் கட்டி என் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. "யாருக்குப் பிளான் போட்டே, ஸ்கேனுக்கா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அப்பா பொண்ணு:

நான் மருத்துவத் துறை இல்லை. எங்கள் அப்பாவுக்குக் கரண்ட் வைத்தார்கள், 30 நாள், வாரம் ஒரு கீமோ. இடது நுரையீரல் மேல் பாதி சுருங்கி மூடியிருந்தது. 12வது நாள் அப்பாவை மேஜையில் படுக்க வைத்துவிட்டு, மூன்று பேர் திரை முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கதவு இடுக்கில் பார்த்தேன். ஒருவர் விரலால் திரையில் ஏதோ கோட்டைத் தடவித் தடவிக் காட்டினார். பிறகு வெளியே வந்து "இன்னைக்கு வேண்டாம்மா, நுரையீரல் திறந்துடுச்சு, கட்டி இடம் மாறிடுச்சு, புது பிளான் போடணும்" என்றார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு, நல்ல சேதிதானே என்று. எனக்கு வந்தது கோபம். நாலு நாள் நிறுத்தினார்கள், அதற்கும் சண்டை போட்டேன்.

இப்போது இதையெல்லாம் படிக்கும்போது புதிதாக ஒன்று உறுத்துகிறது. அந்த முதல் 11 நாள் எங்கே போயிற்று?

கோபால்ட் காலத்து ஆள்:

அம்மா, அடைப்பு திறந்தால் மூச்சுப் பயிற்சி கருவியில் மூன்று பந்தையும்...

செகண்ட் ஷிஃப்ட்:

ஐயா, அந்தப் பிள்ளை அதைக் கேட்கவில்லை.

எம்யூ கணக்கப்பிள்ளை:

அம்மா, வீணாகப் போயிருக்காது. சாதாரணமாக நுரையீரல் ஒரே நாளில் மொத்தமாகத் திறந்துவிடாது, தினமும் அல்லது வாரம் ஒருமுறை படம் எடுத்துத்தான் பீம் ஆன் பண்ணுகிறோம். முதல் வாரத்தில் கட்டி பிளானுக்குள்தான் இருந்திருக்கும், கடைசி ஓரிரண்டு நாள் ஓரம் கொஞ்சம் வெளியே போயிருக்கலாம். அந்த 11 நாள் டோஸைப் புது சிடியில் ஏற்றிக் கூட்டிப் பார்க்கலாம், எங்கே குறைந்தது என்று தெரியும். சரியான இடத்தில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அப்பா எப்படி இருக்கிறார்?

அப்பா பொண்ணு:

நன்றாக இருக்கிறார், வருகிற ஆடியோடு மூன்று வருஷம். மார்பில் குறி வைத்த அந்த மூன்று பச்சைப் புள்ளியையும் பேத்திக்கு ஸ்டார் என்று சொல்லிக் காட்டுகிறார். அந்தக் கணக்கைப் போய்க் கேட்கலாமா என்று அவரிடமே கேட்டேன். "எனக்கு வேண்டாம், உனக்கு வேணும்னா கேளு" என்றார். நாளைக்குத்தான் ஃபாலோ அப்.