ரசப் பார்சலை நிறுத்தினால் கரு நிற்குமா? வீட்டு வேதிப்பொருள்கள் பற்றி ஒரு வாதம்

காவிரிக்கரை:
"பாலித்தீன் கவரில் சூடான ரசம் வாங்கினால் பிபிஏ கலந்து கரு நிற்காது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. (பிபிஏ என்பது சில வகைப் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வேதிப்பொருள்.) சொன்ன விதம் மிகை, அடிப்படை சரி என்பது என் கட்சி. குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் முதலில் வீட்டைச் சரிசெய்துவிட்டு மூன்று மாதம் பொறுக்கட்டும். ஒரு விந்தணு உருவாகி முடிய 72 முதல் 74 நாள் ஆகிறது. பிறகு விரையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் குழாயில் முதிர்ந்து நீந்தும் திறன் பெற இன்னும் ஒன்றிரண்டு வாரம். இன்றைய விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் தெரிவது மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பு.

பிபிஏ விளையாட்டு இல்லை என்பதற்கு 1998-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்தது ஒன்று போதும். பாட்ரிசியா ஹன்ட்டின் ஆய்வகத்தில், எந்த மருந்தும் கொடுக்காமல் வைத்திருந்த எலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் கோளாறு 1–2 சதவீதத்திலிருந்து 40 சதவீதத்துக்குத் தாவியது. தரை கழுவுகிற, காரத்தன்மை அதிகமுள்ள சோப்பைத் தவறுதலாகப் போட்டுப் பாலிகார்பனேட் என்ற கடினப் பிளாஸ்டிக்கால் ஆன கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் கழுவியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் அரித்துப் பிபிஏ கசிந்திருக்கிறது. நம் சமையலறையில் மங்கிக் கீறல் விழுந்த பழைய டப்பா எத்தனை இருக்கிறது?

ஆய்வக_மணி:
ஐயா, எலிச் சம்பவம் உண்மை. ஆனால் அந்தக் கூண்டு பாலிகார்பனேட், ரசக் கவர் பாலித்தீன். பாலித்தீன் செய்யப் பிபிஏ தேவையே இல்லை. அது இருக்கும் இடங்கள்: கண்ணாடி போலத் தெரியும் கடினமான சில தண்ணீர்க் கேன்கள் (அடியில் 7 என்ற எண் இருக்கும்; 7 போட்டதெல்லாம் பாலிகார்பனேட்டும் அல்ல), உணவு டின்களின் உட்பூச்சு, ஏடிஎம், பெட்ரோல் பங்க்கில் தரும் வழவழப்பான பில் தாள். தாலேட் (பிளாஸ்டிக்கை வளையச் செய்யச் சேர்க்கும் இன்னொரு வேதிப்பொருள்) இருப்பது வளைகிற பிவிசியிலும் வாசனைப் பொருள்களிலும். தண்ணீர், குளிர்பானம் விற்கும் பெட் (PET) பாட்டிலின் வேதிப்பெயரில் 'டெரிப்தாலேட்' என்று வருவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அது வேறு பொருள்.

சூடான குழம்பைக் கவரில் வாங்காதீர்கள், தூக்குவாளி கொண்டுபோங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தக் கவருக்குத் தடையும் இருக்கிறது. ஆனால் கரு நிற்காததற்கு அதைக் காட்டினால், உண்மையான காரணம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

பிபிஏ எவ்வளவு போனால் ஆபத்து என்பதிலேயே ஒருமித்த கருத்து இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.2 நானோகிராம் என்றது. அதே ஆண்டு ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 200 நானோகிராம் என்றது. ஆயிரம் மடங்கு வித்தியாசம்! இந்த நிலையில் ஒரு குறிப்பிட்ட தம்பதிக்கு "இதனால்தான்" என்று யார் சொல்ல முடியும்?

மூன்று மாதம் பொறுங்கள் என்பதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருட முயற்சிக்குப் பிறகு மருத்துவரைப் பார்க்கலாம். 35 தாண்டிவிட்டால் ஆறு மாதம்தான் கெடு. மாதவிடாய் ஒழுங்கில்லை, காசநோய் வந்திருக்கிறது, ஆணுக்கு விரையில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது என்றால் அந்தக் கெடுவும் வேண்டாம். பெண்ணின் கருக்குழாய் அடைப்பும், விரையில் ரத்தநாளம் புடைக்கிற வேரிக்கோசீலும் டப்பாவை மாற்றினால் போகாது.

செம்பருத்தி:
மணி அண்ணன் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த மாதிரிச் செய்தி வந்ததும் யார் வேலை கூடுகிறது? பெண்ணின் வேலை. அவள் டப்பா மாற்றுவாள், ஷாம்பு மாற்றுவாள், மஞ்சளைக்கூட மாற்றுவாள். கணவன் விந்துப் பரிசோதனைக்கு ஒரு சாம்பிள் கொடுத்திருக்க மாட்டான். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. முழுக் காரணமாகவோ பாதிக் காரணமாகவோ.

அந்தப் பரிசோதனையிலும் தப்பு நடக்கிறது. கடைசி உறவுக்குப் பின் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். ஒரு நாள்தான் என்றால் எண்ணிக்கை குறைந்து தெரியும்; பத்து நாள் என்றால் எண்ணிக்கை கூடும், அசைவு குறையும். எச்சில், எண்ணெய், ஜெல், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. வீட்டில் எடுத்தால் உடம்போடு ஒட்டி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும், ஐஸ் கூடாது. முதல் சொட்டு தவறிப் போயிருந்தால் ஆய்வகத்தில் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். விந்தணு அதிகம் இருப்பது அந்த முதல் பகுதியில்தான். மூன்று மாதத்துக்குள் டெங்கு போலக் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

உலக சுகாதார அமைப்பின் 2021 கையேட்டில் மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு என்று ஓர் எல்லை இருக்கிறது. அதைப் பாஸ் மார்க் என்று நினைக்கக் கூடாது. ஒரு வருடத்துக்குள் அப்பாவானவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் அதற்குக் கீழே இருந்தார்கள் என்பதுதான் அதன் பொருள். ஒரே ரிப்போர்ட்டை வைத்து யாரையும் முத்திரை குத்தாதீர்கள்.

காவிரிக்கரை:
கவர் பற்றிச் சொன்னது என் தவறு, திருத்திக்கொள்கிறேன். பரிசோதனை அன்றைக்கே, வீட்டு மாற்றமும் அன்றைக்கே என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் வேதிப்பொருளைக் கடைசியில் பார்த்தால் போதும் என்றால் ஏற்க மாட்டேன். 1977-இல் கலிஃபோர்னியாவின் லாத்ரப்பில் டிபிசிபி என்ற புழுக்கொல்லி தயாரித்த தொழிலாளர்களுக்கு விந்தணு குறைந்தும் அடியோடு அற்றும் போனது. சந்தேகத்துக்கே இடமில்லாத உதாரணம்.

ஆய்வக_மணி:
சந்தேகமில்லாத உதாரணம்தான், ஆனால் அது எங்கே நடந்தது? ஆலைக்குள், தினமும், பெரிய அளவில். அதற்கு நம்மூரில் இணை சமையலறை டப்பா இல்லை ஐயா, வயலில் மருந்தடிக்கிறவர். அவருக்கு ஆபத்து அதிகம் தெளிக்கும்போது இல்லை, மூடியைத் திறந்து அடர்த்தியான மருந்தைக் கலக்கும்போது. முழங்கை வரை ரப்பர் கையுறை, கலக்கக் குச்சி (கை அல்ல), காற்றுக்கு முதுகு காட்டித் தெளிப்பது. போட்ட லுங்கி, சட்டையைக் குடும்பத் துணியோடு ஊறவைக்கக் கூடாது. மருந்து டப்பாவைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது, அதை உடனே நிறுத்த வேண்டும்.

பழத்தின் மேல் இருக்கும் பூச்சிமருந்தைக் கழுவ: ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சமையல் சோடா, 12 முதல் 15 நிமிடம், பிறகு நல்ல தண்ணீர். ஆப்பிளில் சோதித்தபோது தோல்மேல் இருந்த இரண்டு மருந்துகளை இது வெறும் தண்ணீரைவிட நன்றாக எடுத்தது. உள்ளே இறங்கியதை எடுக்கவில்லை.

பித்தளைச்செம்பு:
பிளாஸ்டிக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். ஈயச் சொம்பை யாரும் தொடவில்லையே!

ரசத்துக்கான ஈயம் வெள்ளீயம், அது தகரம். காரீயம் வேறு, அது நஞ்சு. இரண்டையும் தமிழில் ஒரே வார்த்தையில் சொல்வதால் வாங்குகிறவர் ஏமாறுகிறார். காரீயம் மலிவு, அதனால் கலக்கிறார்கள். பித்தளைக்குப் பூசும்போதும் சுத்த வெள்ளீயத்துக்குப் பதில், பற்றவைக்கிற ஈயத்தைத் தேய்த்தால் அதில் காரீயம் இருக்கும். புளியும் தக்காளியும் கொதிக்கிற ரசம் புளிப்பு; அது உலோகத்தைக் கரைத்து எடுக்கும். காரீயம் விந்தணுவைக் குறைக்கிறது, கருச்சிதைவு அபாயத்தைக் கூட்டுகிறது. இது மனிதர்களிடமே பார்த்தது, எலியில் மட்டும் அல்ல.

தாளில் கோடு போட்டுப் பார்ப்பது, தட்டிச் சத்தம் கேட்பது எல்லாம் உறுதியான சோதனை இல்லை. தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி உள்ள இடத்தில், காரீயத்தையும் காட்டுமா என்று கேட்டு, சொம்பின் உள்பக்கத்தைக் காட்டுங்கள். வெளிப்பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை.

காவிரிக்கரை:
இதைத்தான் சொல்கிறேன்! வீட்டுப் பொருளில் பார்க்க வேண்டியது இருக்கிறது. மணி தம்பி, பழக்கங்களில் உங்கள் வரிசை என்ன?

ஆய்வக_மணி:
ஈயச் சொம்பு விஷயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள், அதை மேலே ஏற்றுகிறேன். பழக்கத்தில் முதலிடம் புகையிலைக்கு, பீடியோ வாயில் அதக்குவதோ. புகைக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் ஒன்றிரண்டு வருடம் முன்பே நிற்கிறது.

அடுத்தது பலருக்குத் தெரியாதது: ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆண்மை கூடும் என்று போடுகிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை, விரைக்கு அனுப்பும் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் கட்டளைகளை நிறுத்திவிடும். விந்தணு பூஜ்யம் வரை போகலாம். நிறுத்தினால் திரும்ப வரப் பல மாதம் ஆகும்.

பிறகு சூடு. விரை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டியது. மடியில் லேப்டாப்போடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு அங்கே 2.6 முதல் 2.8 டிகிரி ஏறியதை அளந்திருக்கிறார்கள். மேஜையில் வையுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

செம்பருத்தி:
பித்தளைச்செம்பு அண்ணா, ஒரு சந்தேகம். சொம்பை இன்றைக்கு நிறுத்தினால் பிபிஏ மாதிரி ஓரிரு நாளில் போய்விடுமா?

பித்தளைச்செம்பு:
போகாதும்மா. ரத்தத்தில் இருப்பது பாதியாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் சேர்ந்தது வருடக்கணக்கில் தங்கும், கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது அதுவும் வெளியே வந்து குழந்தைக்குப் போகும். அதனால் முயற்சி தொடங்கும் முன்பே இருவரும் ரத்தத்தில் காரீய அளவு பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. சொம்போடு நிற்காமல் பழைய பெயின்ட், தளர்வாக விற்கும் குங்குமம், பேட்டரி வேலை எல்லாவற்றையும் யோசியுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக இழுக்கும். ஹீமோகுளோபினையும் அதே ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.