கோகலின் பழமொழிக்கு நம் பழமொழியை வைக்கலாமா?

திரைச்சீலை:
லஞ்சம் வாங்கும் ஊர் அதிகாரிகளைக் கேலி செய்யும், ரஷ்ய எழுத்தாளர் கோகலின் 'அரசு ஆய்வாளர்' நாடகத்தைத் தமிழில் மேடையேற்றப் பிரதி தயாரித்துக்கொண்டிருக்கிறோம். முகப்பிலேயே ஒரு ரஷ்யப் பழமொழி: "மூஞ்சி கோணலாக இருந்தால் கண்ணாடியைக் குறை சொல்லாதே." நம்மிடம்தான் "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" இருக்கிறதே! கோணல்கூடப் பொருந்துகிறது. கேட்டவுடனே பிடிபடும். அதையே போடலாம் என்கிறேன்.

அகராதிக்காரர்:
வேண்டாம் நண்பரே. பழியை வேறிடத்தில் போடுவது இரண்டிலும் உண்டு, சரி. ஆனால் கண்ணாடி எங்கே போயிற்று? 1836இல் பீட்டர்ஸ்பர்க்கில் நாடகம் அரங்கேறியபோது, ரஷ்யாவையே இழிவுபடுத்துகிறது என்று பலர் கொதித்தார்கள். அதற்குப் பிறகு, 1842 பதிப்பில்தான் கோகல் இந்தப் பழமொழியைச் சேர்த்தார். இங்கே கண்ணாடி என்பது நாடகமேதான். கோணல் மூஞ்சி அரங்கில் உட்கார்ந்திருப்பவருடையது. கடைசி அங்கத்தில் மேயர், "எதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்? உங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறீர்கள்!" என்று கத்துவாரே, அதற்கான விதை இது. கூடத்தைக் கொண்டுவந்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

திரைச்சீலை:
சரி, கண்ணாடி இருக்கட்டும். ஆனால் எல்லாவற்றையும் இப்படியே விட்டால் யார் சிரிப்பார்கள்? நீதிபதியின் பெயர் லியாப்கின்-தியாப்கின். 'தியாப்-லியாப்' என்றால் ஏனோதானோவென்று வேலை செய்வது. ரஷ்யர் பெயரைக் கேட்டதுமே சிரிப்பார். நமக்கு அது வெறும் சத்தம்.

வாசகி:
அண்ணா, பெயரை விட எனக்குக் கவலை மேயரின் ஒரு வசனம்தான். சீருடைக்கென்று வணிகர் இரண்டு அர்ஷின் (பழைய ரஷ்ய நீள அளவு) துணி கொடுக்க, போலீஸ்காரர் முழுச் சுருளையும் எடுத்துக்கொண்டுவிடுவார். மேயர் அவரைக் கண்டிப்பார்: "உன் பதவிக்கு மீறி வாங்குகிறாய்!" இதை 'அளவுக்கு மீறி' என்று தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் ஏதோ பேராசையைக் கண்டிக்கும் நல்ல மனிதராகிவிடுவார். 1722இல் ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் அரசுப் பதவிகளை 14 படிகளாக அடுக்கிவைத்தார். லஞ்சத்துக்கும் அந்தப் படி உண்டு என்பதுதான் மேயரின் நியாயம். வாங்கியதில் அவருக்குக் குற்றமே தெரியவில்லை, படி தாண்டியதுதான் குற்றம். அதே நீதிபதி தான் வாங்குவது வேட்டை நாய்க்குட்டிகள் மட்டும்தான், அது வேறு விஷயம் என்று சாதிப்பதும் இந்தக் கணக்கில்தான்.

அகராதிக்காரர்:
அருமையாகச் சொன்னீர்கள் அம்மா. அங்கே 'பதவி' என்ற சொல் இருந்தே ஆகவேண்டும்.

திரைச்சீலை:
பதவியை வைத்துக்கொள்கிறேன், கண்ணாடியையும்தான். ஆனால் நீதிபதியின் பெயரில் இறங்கி வரமாட்டேன். முதல் காட்சியிலேயே யாராவது அவரை "ஏனோதானோ ஐயா" என்று ஒருமுறை கூப்பிட்டாக வேண்டும்.